மாருதி 800-ல் ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்கிறதா? கோளாறைக் கண்டுபிடிப்பதில் இருந்து கேபிள் மாற்றுவது வரை

பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் நிற்கிறது. சிக்னலில் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் கத்துகிறது. அல்லது பெடல் முதலில் அசையவே மறுத்து, கொஞ்சம் அழுத்தியதும் பொசுக்கென்று இறங்கி வண்டி துள்ளுகிறது. பட்டறையில் இந்த மூன்றுக்கும் ‘ஆக்சிலேட்டர் ஸ்டக்’ என்று ஒரே பெயர்தான். கைக்குக் கிடைத்த ஸ்பிரேயைக் கேபிள் முனையில் அடித்து அனுப்பிவிடுவதும் வழக்கம். இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். மூன்று அறிகுறிகளுக்கும் காரணம் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். பாதி நேரம் கேபிளில் எந்தக் கோளாறும் இருக்காது. ஆகவே எங்கே பிடிக்கிறது என்று தெரிவதற்கு முன் ஒரு சொட்டு எண்ணெய்கூட விட வேண்டாம். எண்ணெய் விட்டால் கோளாறு தற்காலிகமாக மறைந்து, தேடுவதும் கடினமாகிவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த மாருதி 800. 1983 டிசம்பரில் வந்த இந்த வண்டி, 1986-ல் புது வடிவத்துக்கு மாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் மட்டும் தொடர்ந்தது. 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் அமைப்பு) வந்து கார்புரேட்டர் விடைபெற்றது. அப்படியென்றால் இன்று ஓடும் கார்புரேட்டர் 800 எதுவானாலும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு வயதான வண்டி. அதில் இருப்பது கம்பெனி கேபிளாகவே இருந்தால் உள்ளே இறுகிப்போயிருக்கும். மாற்றப்பட்டதாக இருந்தால் எந்தத் தரத்தில் மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் கேபிள் போகும் பாதை வேறு. சோதிக்கும் முறை அதற்கும் பொருந்தும்.

ஓட்டும்போதே ஒட்டிக்கொண்டால்

பிரேக்கை ஒரே மிதியாக அழுத்தமாக மிதித்து அப்படியே பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. வாக்குவம் பூஸ்டர் (எஞ்சின் உறிஞ்சலைக் கொண்டு பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பாகம்) உள்ள வண்டியில், த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) திறந்தே இருக்கும்போது எஞ்சின் வாக்குவம் கிடைக்காது. பூஸ்டரில் சேமித்திருப்பது இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அதன் பிறகு பிரேக் கல் மாதிரி இறுகும். பிரேக்கைப் பிடித்தபடியே கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். வண்டி ஓரத்தில் நின்ற பிறகு சாவியை அணையுங்கள். ஓடும்போதே அணைத்தாக வேண்டிய நிலை வந்தால் சாவியை ஒரு நிலை மட்டும் பின்னால் திருப்புங்கள். சாவியை வெளியே இழுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

குனிந்து பெடலைக் கையால் தூக்கப் பார்ப்பதோ, ஷூ நுனியைப் பெடலுக்கு அடியில் விட்டு நெம்புவதோ ஓடும் வண்டியில் வேண்டாம்.

முதலில் மேட்

சிரிப்பு வரலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கம்பெனி கார்ப்பெட், அதன் மேல் ரப்பர் மேட், மழைக்காலத்தில் அதற்கும் மேல் ஒரு துணியோ செய்தித்தாளோ என்று நம் வண்டிகளில் அடுக்கு ஏறிக்கொண்டே போகும். மேட் முன்னால் நழுவி மேலேறினால், முழுதாக மிதித்த பெடலின் கீழ் விளிம்பு அதில் மாட்டிக்கொள்ளும். 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்த மேட் சிக்கலுக்காகத்தான். ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு மேட் போதும், அதுவும் நழுவாததாக இருக்க வேண்டும்.

பிறகு டார்ச் அடித்து, பெடல் மேலே தொங்கும் அச்சைப் பாருங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளிலும், முன் கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் இறங்கிய வண்டிகளிலும் இந்த அச்சு துருப்பிடித்து இறுகும். அங்கே ஒரு திருகு ஸ்பிரிங்கும் இருக்கும். அது முறிந்திருந்தால் பெடல் தளர்ந்து கிடக்கும்.

எங்கே பிடிக்கிறது: மூன்று சோதனைகள்

எஞ்சின் அணைந்து, ஆறி இருக்க வேண்டும். சோக் குமிழ் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுப்பது) முழுவதும் உள்ளே இருக்கட்டும். பானட்டைத் திறந்து, கார்புரேட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் ஏர் கிளீனர் பெட்டியைக் கழற்றுங்கள். அதில் செருகியிருக்கும் ஹோஸ்கள் எது எங்கே போகிறது என்று முதலிலேயே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் வாயைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் இந்த வேலை ஹெட் கழற்றும் வேலையாக மாறிவிடும்.

கழற்றும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ஏர் கிளீனரின் அடி கேஸ்கெட் பிய்ந்து தொங்குகிறதா? பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்ததா? பிராக்கெட் நட்டு காணாமல் போன வண்டிகளில் பெட்டி ஆடி, த்ராட்டில் லீவரை உரசும். அங்கே பளபளப்பாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் உங்கள் வேலை முடிந்தது.

முதல் சோதனை: கேபிள் உறைக்குள் ஓடும் இன்னர் கம்பி, த்ராட்டில் லீவரின் வளைந்த தட்டில் ஒரு சிறு உருளை முனையாக மாட்டியிருக்கும். அதுதான் நிப்பிள். லீவரைக் கையால் முழுவதும் திறந்து பிடித்தால் கம்பி தளரும். நிப்பிளைப் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிடலாம். இப்போது லீவர் தனியாக நிற்கிறது. அதைத் திறந்து விடுங்கள். ‘டக்’ என்று அடித்து மூட வேண்டும். கால் பாகம், அரைப் பாகம், முழுப் பாகம் என்று ஒவ்வோர் இடத்தில் இருந்தும் விட்டுப் பாருங்கள். எங்காவது தயங்கி, மெதுவாக ஊர்ந்து மூடினால் கோளாறு கார்புரேட்டரில். கேபிளைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாவது சோதனை: கழற்றிய கம்பி முனையை விரலால் இழுத்து விடுங்கள். பெடலும் சேர்ந்து வரும். பிறகு ஒருவரைக் காரில் உட்காரவைத்து, பெடலைக் கையால் மெதுவாக மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். உங்கள் விரலில் கரகரப்போ, ஓரிடத்தில் மட்டும் சிக்கி விடுபடும் உணர்வோ இருந்தால் அது கேபிள் அல்லது பெடல்.

மூன்றாவது சோதனை அந்த இரண்டையும் பிரிக்கும். பெடல் பக்கத்திலும் நிப்பிளைக் கழற்றிவிடுங்கள். பெடலைத் தனியாக ஆட்டிப் பாருங்கள், கேபிளைத் தனியாக இழுத்துப் பாருங்கள். நல்ல கேபிளில் இன்னர் கம்பி ஒரு விரல் இழுப்புக்கே தங்குதடையின்றி ஓடும்.

மூன்றிலும் குறை தெரியவில்லை, ஆனால் வண்டி சூடான பிறகு மட்டும் ஒட்டுகிறது என்றால், எஞ்சின் சூட்டோடு இதே சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். கையில் உறை அவசியம். வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் உறை ஆறிய எஞ்சினில் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

கார்புரேட்டர் பக்கம் என்றால்

அதிகம் ஏமாற்றுவது சோக். 800-ல் சோக் கையால் இழுப்பது. அதை இழுத்தால் ஒரு கேம் வழியாக த்ராட்டிலும் சற்றுத் திறக்கும், குளிர்ந்த எஞ்சின் அணையாமல் இருக்க. சோக் கேபிள் துருப்பிடித்துப் பாதி வழியில் நின்றால், குமிழ் உள்ளே போனது போலத் தெரிந்தாலும் கேம் த்ராட்டிலைத் திறந்தே வைத்திருக்கும். ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி நிற்கும், பெட்ரோல் வாசம் அடிக்கும். கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள்: குமிழை உள்ளே தள்ளிய நிலையில் மேலே உள்ள சோக் தகடு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஏசி உள்ள வண்டியில், ஏசி போட்டால் ஐடிலைத் தூக்கும் சிறு வாக்குவம் டயஃப்ரமும் லீவரைத் தள்ளிக்கொண்டு நிற்கலாம். ஏசியை அணைத்ததும் அதன் தண்டு பின்வாங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அழுக்கு. த்ராட்டில் தகடு மூடும் இடத்தில் பிசினும் கரியும் வளையமாகப் படியும். பெடல் முதலில் இறுகிப் பிறகு துள்ளுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைத் தகட்டைச் சுற்றியும், அச்சின் இரு முனைகளிலும் அடித்து, 10 நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடையுங்கள். உப்புத்தாளோ கத்தியோ வேண்டாம். தகடும் துளையும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக உட்காருபவை; ஒரு கீறல் போதும், ஐடில் பிறகு சரியாக நிற்காது. ஸ்பிரே அடிக்கும்போது எஞ்சின் சூடாக இருக்கக் கூடாது, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

ஐடில் ஸ்க்ரூவை யாராவது அளவுக்கு மீறித் தளர்த்தியிருந்தாலும் இதே துள்ளல் வரும். தகடு நிற்பதற்குத் தடுப்பு இல்லாமல் துளைச் சுவரிலேயே போய் ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். மைலேஜுக்காக ‘ஸ்லோ’ குறைத்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ஐடில் 900 ஆர்பிஎம்மை ஒட்டி நிற்கும்படி ஸ்க்ரூவை வைத்தால் சரியாகும்.

ரிட்டர்ன் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் அதே ஸ்பிரிங்கையே மாற்றுங்கள். வெளியே இன்னொரு தடித்த ஸ்பிரிங்கை மாட்டி இழுத்துக் கட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. இது தவறான வைத்தியம். உராய்வு அப்படியே இருக்க, அதை வெல்லும் பலம் மட்டும் கூடுகிறது. கேபிள் இரட்டிப்பாக இழுபடும், த்ராட்டில் அச்சின் புஷ் ஒரு பக்கமாகத் தேயும், நெரிசலில் ஓட்டினால் கணுக்கால் வலிக்கும்.

கேபிள்தான் என்றால்: ஏன் கெட்டது?

அவுட்டர் என்பது தட்டையான எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, வெளியே பிளாஸ்டிக் பூசியது. பெரும்பாலானவற்றில் உள்ளேயும் வழுக்கும் பிளாஸ்டிக் குழல் ஒன்று இருக்கும். இன்னர் பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கியது. இழை ஒன்று அறுந்து அதன் நுனி வெளியே நீட்டினால், அது அவுட்டர் வாயில் குத்தி நிற்கும். திறக்கும்போது வழிவிடும், மூடும்போது எதிர்க்கும். இரு முனைகளிலும் கம்பியை விரலால் வருடாமல், ஒரு பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் இழை பிரிந்திருக்கிறது. அந்தக் கேபிளுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், குப்பைக்குத்தான். நீட்டிய இழையை வெட்டிவிட்டு ஓட்டலாம் என்பவர்களை நம்பாதீர்கள். ஒன்று அறுந்த பிறகு மீதி இழைகள் கூடுதல் சுமையில் வேகமாக அறும்.

அவுட்டர் எங்காவது மடிந்திருந்தாலும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாய்) பக்கம் பிளாஸ்டிக் இளகிச் சுருங்கியிருந்தாலும் மாற்றுவதுதான் வழி.

இளகியிருந்தால் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. மேனிஃபோல்டுக்குத் தொலைவான இடத்திலும் உருகியிருக்கிறதா? அப்படியென்றால் சூடு வெளியில் இருந்து வரவில்லை, கேபிளுக்குள் இருந்தே வந்திருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்தோ அறுந்தோ போனால், செல்ஃப் மோட்டாருக்குத் தேவையான பெரிய மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். பாடியையும் எஞ்சினையும் இணைக்கும் ஆக்சிலேட்டர், சோக் கேபிள்கள் அந்த வழியாகிவிடும். செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கம்பி சூடாகி, உள்குழல் உருகி ஒட்டும். புதுக் கேபிள் போட்டாலும் சில மாதங்களில் அதே கதி. கேபிளை வாங்கியவர் தரத்தைத் திட்டிக்கொண்டிருப்பார், குற்றவாளி எர்த்தாக இருக்கும்.

சோதிப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு ஒயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடவைத்துக் கட்டுங்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். 0.5-ஐத் தாண்டினால் ஒயரையும் அதன் போல்ட்டுகளையும் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்குங்கள், அல்லது புது ஒயர் போடுங்கள். இதை முடிக்காமல் புதுக் கேபிளைப் பூட்ட வேண்டாம்.

உயவு எப்போது உதவும்?

இழை பிரியவில்லை, அவுட்டர் மடியவில்லை, உருகவில்லை. தூசியும் பழைய கிரீஸும் இறுகியதால் மட்டும் கனமாக ஓடுகிறது என்றால் கேபிளைக் காப்பாற்றலாம். முழுதாகக் கழற்றி, செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். மேல் முனையில் சிறு பிளாஸ்டிக் பையின் மூலையைத் துளையிட்டுக் கட்டினால் புனல் தயார். 10 மி.லி. மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பியை மேலும் கீழும் இழுங்கள். கீழே கறுப்பாக வடியும். தெளிவாக வடியும்வரை திரும்பச் செய்து, ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். உள்குழல் இல்லாத பழைய வகைக் கேபிளுக்கு 5 மி.லி. மெல்லிய எஞ்சின் ஆயில் விட்டு இரவு முழுக்கத் தொங்கவிடலாம். பிளாஸ்டிக் குழல் உள்ளதற்கு உலர் சிலிக்கான் ஸ்பிரே மட்டும். கெட்டி கிரீஸ் உள்ளே போனால் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரே சுத்தம் செய்ய நல்லது, ஆனால் கொஞ்ச நாளில் காய்ந்துவிடும். அதை உயவு என்று எண்ணி விட்டுவிட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கரகரப்பு மிஞ்சினால் நேரத்தை வீணாக்காதீர்கள். 800-க்குக் கேபிள் இன்னும் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் சில நூறு ரூபாய்தான்.

கேபிள் மாற்றுவது

தேவைப்படுபவை: 10, 12 மி.மீ. ஸ்பானர்கள், மூக்குக் குறடு, டார்ச், இரண்டு மீட்டர் சணல் கயிறு, கொஞ்சம் கிரீஸ். கடையில் வண்டியின் ஆண்டையும் கார்புரேட்டர் என்பதையும் சொல்லி வாங்குங்கள். எம்பிஎஃப்ஐ கேபிள் வேறு.

1. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பழைய கேபிள் போகும் பாதையையும், அதைப் பிடிக்கும் ஒவ்வொரு கிளிப்பையும் படம் எடுங்கள்.

2. கார்புரேட்டர் பக்க பிராக்கெட்டில் கேபிளின் மரைப் பகுதியை இரண்டு நட்டுகள் இருபுறமும் பிடித்திருக்கும். ஒன்றை ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மற்றதைத் தளர்த்துங்கள். லீவரைத் திறந்து நிப்பிளை எடுத்து, பிராக்கெட்டில் இருந்து கேபிளை விடுவியுங்கள்.

3. உள்ளே, பெடல் கையின் மேல்முனையில் இருந்து மறு நிப்பிளைக் கழற்றுங்கள். இடம் குறுகலானது, இருக்கையைப் பின்னால் தள்ளி, தலைகீழாகப் படுத்துச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

4. பெடல் பக்க முனையில் சணலைக் கட்டி, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) ஓட்டை வழியாகக் கேபிளை எஞ்சின் பக்கம் இழுத்து எடுங்கள். சணல் பாதையில் நிற்கும்.

5. பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அவுட்டரின் நீளம், வெளியே நீட்டும் இன்னரின் நீளம், நிப்பிளின் தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இன்னர் 5 மி.மீ. குறைந்தால்கூட த்ராட்டில் முழுதாக மூடாமல் போகலாம். இந்த ஒப்பீட்டைத் தவிர்த்துவிட்டுப் பிறகு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

6. சணலைக் கொண்டு புதியதை உள்ளே இழுத்து, ஃபயர்வால் ரப்பரைச் சரியாக உட்காரவையுங்கள். ரப்பர் பாதி உட்கார்ந்தால் மழைநீர் உள்ளே வரும், கேபிளும் தகர விளிம்பில் அறுபடும்.

7. வளைவுகள் பெரிதாக இருக்கட்டும். கைப்பிடி அளவுக்குச் சுருக்கினால் உராய்வு கூடும். எக்ஸாஸ்டில் இருந்து குறைந்தது நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் டை போட்டு இறுக்க வேண்டாம். எஞ்சின் ஆடும்போது கேபிளும் நகர இடம் வேண்டும்.

8. நிப்பிள்கள் இரண்டிலும் கடுகளவு கிரீஸ் தடவி மாட்டுங்கள். நிப்பிள் தன் குழியில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கம்பி அந்த இடத்திலேயே வளைந்து வளைந்து அறும்.

அட்ஜஸ்ட்மென்ட்

எஞ்சினைச் சூடாக்கி, சோக்கை உள்ளே தள்ளி, அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கார்புரேட்டர் பக்கம் வெளியே தெரியும் இன்னர் கம்பியை விரலால் மேலே தூக்கினால் 3 முதல் 5 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். பிராக்கெட் நட்டுகளை நகர்த்தி இதைக் கொண்டுவந்து, லாக் நட்டை இறுக்குங்கள். தளர்வே இல்லாமல் வைத்தால் பெடல் ‘ஷார்ப்’பாக இருக்கும் என்று சிலர் விரும்புவார்கள். ஆனால் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும்போது கேபிள் தானாக த்ராட்டிலை இழுக்கும், முதல் கியரில் வண்டி குதிரை மாதிரி துள்ளும். தளர்வு சரியாக இருந்தும் அந்தத் துள்ளல் வந்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள்.

மறு எல்லையையும் பார்க்க வேண்டும். ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்கட்டும். அப்போது த்ராட்டில் லீவருக்கும் அதன் முழுத் திறப்புத் தடுப்புக்கும் இடையே 0.5 முதல் 2 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் காலின் முழு பலமும் கேபிளிலும் லீவரிலும் விழும். நிப்பிள் பிடுங்கிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். பெடலுக்குக் கீழே உள்ள ஸ்டாப்பர் போல்ட்டைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம்.

வண்டியை எடுக்கும் முன்

ஏர் கிளீனரைத் திரும்பப் பூட்டிய பிறகுதான் சோதனை. அதுவே லீவரை உரசக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். எஞ்சின் அணைந்த நிலையில் பெடலை 20 முறை முழுதாக மிதித்து, சட்டென்று விடுங்கள். ஒவ்வொரு முறையும் லீவர் ஐடில் ஸ்க்ரூவில் போய் இடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் எஞ்சினை வேகமெடுக்கவிட்டுக் காலை எடுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் ஐடிலுக்கு இறங்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை, 15 நிமிடம் ஓடவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு வெறிச்சோடிய இடத்தில் இரண்டாவது கியர்வரை போட்டு, முழுதாக மிதித்து விட்டுப் பாருங்கள். முதல் சில நாள்களில் புது அவுட்டர் தன் இருக்கையில் அழுந்தி உட்காரும், தளர்வு சற்றே கூடும். 500 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை அளந்து, தேவையானால் நட்டை அரைச் சுற்று நகர்த்துங்கள்.

வழியில் கேபிள் அறுந்தே போய்விட்டால், ஐடில் ஸ்க்ரூவை இறுக்கி எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, முதல் அல்லது இரண்டாம் கியரில் ஊர்ந்து பக்கத்துப் பட்டறைக்குப் போகலாம். லீவரில் கயிறு கட்டி ஜன்னல் வழியாகக் கையால் இழுத்து ஓட்டும் வித்தையை யாராவது சொல்லித்தந்தால், அவரிடம் வண்டியைக் கட்டி இழுக்கும் கயிறாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.